மடகாஸ்கர் என்னும் பெருந்தீவு



நம் ஊர்களிலே வீட்டு முற்றத்திலும் வேலியோரத்திலும், எவரும் நீர் வார்க்காமலே ஆண்டு முழுவதும் பூத்து நிற்கும் செடியொன்று உண்டு. நித்தியகல்யாணி என்று நூல்கள் அதனைக் கூறும். பட்டிப்பூ என்று நம்மவர் அழைப்பர். சித்திரை, வைகாசி வெயிலிலே இலை தெரியாவண்ணம் செந்நிறப் பூக்களைப் போர்த்துக்கொண்டு தெருவோரங்களில் நிற்கும் செம்மயிற்கொன்றையையும் அறியாதார் இலர். பழைய மாளிகைகளின் முன்றிலிலும் பூங்காக்களிலும், பெரியதொரு விசிறியை விரித்து நட்டாற்போல நிற்கும் விசிறிவாழையையும் பலர் கண்டிருப்பர். இம்மூன்றும் நம் மண்ணுக்கே உரியவை என்று எண்ணுவோர் பலர். உண்மையில் இவை மூன்றுக்கும் தாயகம் ஒன்றே. அதுதான் மடகாஸ்கர்த் தீவு.

அத்தீவின் மரஞ்செடிகள் இவ்வாறு நம்மிடம் விருந்தினராக வந்து, நாளடைவில் வீட்டுக்காரராகவே ஆகிவிட்டன. நாம் அத்தீவுக்கு விருந்தினராகச் செல்வதாயின், அங்கே காணத்தக்கவை யாவை? அவற்றை எத்தகைய கண்கொண்டு காணல் வேண்டும்? இவ்விரு வினாக்களையும் பற்றிச் சிறிது சிந்திப்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

முதலில் தேசப்படத்தை மனக்கண்முன் விரித்துக்கொள்வோம். ஆபிரிக்காவின் தென்கீழ்க் கரைக்கு அப்பால், ஏறத்தாழ 400 கிலோமீற்றர் அகலமுள்ள மொசாம்பிக் கால்வாய்க்குக் கிழக்கே இந்து சமுத்திரத்திற் கிடக்கின்றது இத்தீவு. கிறீன்லாந்து, நியூகினி, போர்ணியோ ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக உலகின் நான்காவது பெரிய தீவு இதுவே. இதன் பரப்பு ஏறத்தாழ 587,000 சதுர கிலோமீற்றர். நம் இலங்கையைப் போன்ற ஒன்பது தீவுகளை அதனுள்ளே அடக்கிவிடலாம் என்றால் அதன் பெருமை விளங்கும். வடமுனையிலிருந்து தென்முனை வரை ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இத்தீவின் தென்பகுதியை மகரக்கோடு ஊடறுத்துச் செல்கின்றது. எஞ்சிய பெரும்பகுதி அயனமண்டலத்துக்கு உட்பட்டதே.

தீவின் நடுவே முதுகெலும்பு போல மேட்டுநிலம் வடக்குத் தெற்காக ஓடுகின்றது. கிழக்கேயிருந்து கடலைத் தழுவி வரும் வியாபாரக் காற்று அம்மேட்டுநிலத்தின் கிழக்குச் சரிவிலே தன் ஈரத்தையெல்லாம் கொட்டிவிடுகின்றது. ஆகவே கிழக்கே மழைக்காடு. மேற்கே உலர்காலத்தில் இலையுதிர்க்கும் வறண்ட காடு. தென்மேற்கு மூலையிலோ முட்கள் செறிந்த விந்தையான மரங்களையன்றி வேறொன்றும் எளிதில் வளராத பாலை. ஈரவலயத்தையும் உலர்வலயத்தையும் அருகருகே வைத்துப் பழகிய நமக்கு இவ்வமைப்பு புதிதன்று. எனினும் இங்கே சில மணி நேரப் பிரயாணத்திற் காணும் வேறுபாட்டை அங்கே காண்பதற்குப் பல நாள்கள் வேண்டும்.

இனி, தமிழர்களாகிய நம் காதுக்கு மிகவும் பழக்கமான ஒரு பெயருக்கும் இத்தீவுக்கும் உள்ள தொடர்பைக் கூறல் வேண்டும். லெமூரியா என்ற பெயரைக் கேளாத தமிழ் மாணவர் அரியர். அப்பெயர் எங்கே பிறந்தது? 1864 ஆம் ஆண்டில் பிலிப் ஸ்கிளேற்றர் என்னும் ஆங்கில விலங்கியலறிஞர் மடகாஸ்கரின் பாலூட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். லெமூர் என்னும் சிறு விலங்குகள் மடகாஸ்கரில் மிகுந்து வாழ்கின்றன. அவற்றின் உறவினங்களோ ஆபிரிக்காவிலும், கடல் கடந்து தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படுகின்றன. இதற்குக் காரணம் யாதாகலாம் என்று வினவிய அவர், இந்நிலங்களை இணைத்த பெருங்கண்டம் ஒன்று முன்னொரு காலத்தில் இருந்து மறைந்திருத்தல் வேண்டும் எனக் கருதி, அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். கடல்கோள் பற்றிய பழஞ்செய்திகளை உரைகளிலே படித்திருந்த நம் அறிஞர் சிலர், பிற்காலத்தில் அப்பெயரைத் தமிழரின் பழம்பெரு நிலத்துக்கு உரித்தாக்கினர். இவ்வாறு ஒரு சிறு விலங்கின் உறவை விளக்கப் புகுந்த ஒருவர் சூட்டிய பெயர், ஒரு மொழியினரின் தொன்மைக் கனவுக்குப் பெயராயிற்று.

அறிவியல் அக்கருத்தை இன்று ஏற்பதில்லை. கண்டங்கள் அசையாது நிற்பவை என்று எண்ணிய காலத்தில் எழுந்த ஊகம் அது. 1912 இல் அல்பிரட் வெகெனர் கண்டப்பெயர்ச்சிக் கொள்கையை முன்வைத்தார். 1960 களில் கடலடித்தள ஆராய்ச்சிகள் அதற்கு உறுதி தந்தன. மூழ்கிய கண்டம் எதுவும் தேவைப்படாமலே விளக்கம் கிடைத்தது. கொண்டுவானா என்னும் பெருநிலப்பரப்பிலே ஆபிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா, இலங்கை யாவும் ஒன்றாக ஒட்டிக்கிடந்தன. ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் மடகாஸ்கரும் இந்தியாவும் சேர்ந்து ஆபிரிக்காவை விட்டு விலகத் தொடங்கின. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இந்தியா மடகாஸ்கரைத் தனியே விட்டு வடக்கு நோக்கி நகர்ந்தது. நம் மலைநாட்டுப் பாறைகளுக்கும் மடகாஸ்கரின் பழம்பாறைகளுக்கும் இன்றும் உறவு கூறுவர் புவிச்சரிதவியலார். நம் நாட்டைப் போலவே அங்கும் காரீயம் கிடைக்கின்றது, நீலக்கல்லும் கிடைக்கின்றது. 1998 ஆம் ஆண்டளவில் இலக்காக்கா என்னும் சிற்றூரில் நீலக்கல் கண்டெடுக்கப்பட்டபோது, அங்கே கல் வாங்கச் சென்றோருள் இலங்கை வணிகரும் இருந்தனர். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பிரிந்த நிலங்களின் உறவை இரத்தின வணிகர் தம் தொழிலினாலே புதுப்பித்தனர் எனலாம்.

ஆயின் லெமூர்கள் அத்தீவுக்கு வந்தது எவ்வாறு? தீவு தனித்த பின்னரே அவற்றின் முன்னோர் ஆபிரிக்காவிலிருந்து, வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட மரங்களையும் செடிகொடித் திரள்களையும் தெப்பமாகக் கொண்டு கடலைக் கடந்திருத்தல் வேண்டும் என்பதே இன்று அறிஞர் பெரும்பாலோரின் கொள்கை. அங்கே அவற்றோடு போட்டியிடக் குரங்குகள் இல்லை. சிங்கமும் சிறுத்தையும் இல்லை. ஆகவே அவை பல்கிப் பெருகி, இன்று நூற்றுக்கு மேற்பட்ட இனங்களாகப் பிரிந்துள்ளன. நம் காடுகளில் இரவிலே பெரிய கண்களை விழித்துக்கொண்டு கிளையிற் பதுங்கியிருக்கும் தேவாங்கு, இவற்றுக்குத் தூரத்து உறவினம். உலகிலே வேறெங்கும் இயற்கையாக லெமூர்கள் வாழ்வதில்லை. கொமரோத் தீவுகளிற் காணப்படும் சிலவும் மனிதர் கொண்டு சென்றவை என்பர்.

பிரயாணிகள் பலரும் முதலிற் செல்வது, தலைநகரான அந்தனனாரிவோவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 150 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அந்தசிபே மழைக்காட்டுக்காகும். இந்திரி என்னும் மிகப் பெரிய லெமூர் அங்கே வாழ்கின்றது. கறுப்பும் வெள்ளையுமான உடல். வாலோ இருந்தும் இல்லாதது போன்றது. காலை வேளையிலே ஒரு குடும்பம் குரலெடுத்துப் பாட, மற்றொரு குடும்பம் காட்டின் மறுகோடியிலிருந்து பதில் பாடும். அவ்வொலி இரண்டு கிலோமீற்றருக்கு அப்பாலும் கேட்கும். சங்கொலி போலத் தொடங்கி அழுகுரல் போல முடிவது அது. இந்திரியை மனிதனின் மூதாதை என்றும் உடன்பிறப்பு என்றும் கூறும் பழங்கதைகள் அவ்வட்டாரத்தில் வழங்குகின்றன; அதனாலே அதனைக் கொல்வது பாவமெனப் பலவூரார் கருதுவர்.

இதற்கு மாறான கதையும் உண்டு. ஐ-ஐ என்னும் லெமூர் இரவிலே உலாவுவது. நீண்டு மெலிந்த நடுவிரலால் மரத்தைத் தட்டித் தட்டி, உள்ளிருக்கும் புழுவின் இடமறிந்து அதனைத் தோண்டியெடுத்து உண்பது. அவ்வப்பாவி விலங்கின் தோற்றங்கண்டு அஞ்சி, அபசகுனமென்று சில ஊர்களில் அதனைக் கொன்றுவிடுவர். ஆந்தையின் அலறலைக் கேட்டு நடுங்கும் நாம் அவர்களைப் பார்த்து நகைப்பதற்கில்லை. ஒரு நம்பிக்கை ஓர் உயிரைக் காக்கின்றது. மற்றொரு நம்பிக்கை மற்றோர் உயிரை அழிக்கின்றது. மக்களின் மனத்தை அறியாமல் அத்தீவின் விலங்குகளை அறிதல் இயலாது என்பதற்கு இஃது ஒரு சான்று.

லெமூர்கள் மட்டுமல்ல, உலகிலுள்ள பச்சோந்தி இனங்களில் ஏறத்தாழச் சரிபாதி அங்கேதான் உள்ளன. அவற்றுள் ஒன்று, 2021 ஆம் ஆண்டில் அறிஞர் விவரித்தது, விரல்நுனியிலே வைக்கத்தக்க அளவினது. பூனையையும் கீரியையும் ஒருங்கே நினைவூட்டும் போசா என்னும் விலங்கே அத்தீவின் மிகப் பெரிய ஊனுண்ணி. காட்டிலே நடப்போருக்கு உயிராபத்து விளைக்கும் நச்சுப் பாம்புகள் அங்கு இல்லை என்பதும் பிரயாணிகளுக்கு ஆறுதல் தரும் செய்தியாகும்.

மேற்குக் கரைக்குச் சென்றால் காட்சி முற்றிலும் மாறும். மன்னாரிலும் நெடுந்தீவிலும் பருத்த அடிமரத்தோடு நிற்கும் பெருக்கமரத்தைக் கண்டோர், அராபிய வணிகர் அதனை ஆபிரிக்காவிலிருந்து கொணர்ந்தனர் என்று சொல்லக் கேட்டிருப்பர். அம்மர வகையிலே உலகில் எட்டு இனங்கள் உள்ளன. ஆபிரிக்காவுக்கு உரியது ஒன்று. அவுஸ்திரேலியாவுக்கு உரியது ஒன்று. எஞ்சிய ஆறும் மடகாஸ்கருக்கே உரியவை. மொரொந்தாவா என்னும் ஊருக்கு அண்மையில், செம்மண் பாதையின் இருமருங்கும் கோயில் தூண்கள் போல வானளாவி நிற்கும் பெருக்கமரச் சாலை, படங்களின் வாயிலாக உலகெங்கும் புகழ்பெற்றது. ஆனால் அம்மரங்கள் அழகுக்காக நட்டவை அல்ல. ஒருகாலத்தில் அங்கிருந்த காடு அழிந்துபோக, எஞ்சி நிற்பவை அவை. இதனை அறிந்து பார்க்கும்போது அக்காட்சியின் பொருளே வேறாகின்றது.

அதற்கு வடக்கே பெமரஹா என்னுமிடத்தில் சுண்ணாம்புக்கற் காடு ஒன்று இருக்கின்றது. யாழ்ப்பாணத்து மக்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். மழைநீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக் கரைத்து நிலாவரைக் கிணற்றைப் போன்ற ஆழ்ந்த பள்ளங்களை ஆக்கியதை நாம் அறிவோம். அங்கே அதே நீர் பாறையை மேலிருந்து அரித்து, ஈட்டிமுனைகளை நெருக்கி நட்டாற்போலப் பல மீற்றர் உயரமான கற்கூர்களாகச் செதுக்கிவிட்டது. சிங்கி என்பது அந்நாட்டார் அதற்கு இட்ட பெயர். 1990 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக மரபுரிமை இடமாக ஏற்றது. அக்கற்கூர்களின்மீது வெண்ணிற லெமூர்கள் தாவித் திரிவதைக் காண்போர் தம் கண்களையே ஐயுறுவர்.

இத்தகைய இயற்கையின் நடுவே வாழும் மக்கள் யாவர்? ஆபிரிக்காவுக்கு அண்மையிற் கிடக்கும் தீவாயினும், அங்கு வழங்கும் மொழி ஆபிரிக்க மொழியன்று. மலாய் மொழிக்கும் யாவக மொழிக்கும் உறவானது அது. 1951 ஆம் ஆண்டில் ஒற்றோ டால் என்னும் நோர்வே நாட்டு அறிஞர், போர்ணியோத் தீவின் தென்பகுதியில் வழங்கும் மாஞான் மொழியே அதற்கு மிக நெருங்கிய உறவு என்பதை எடுத்துக்காட்டினார். நிலவை மலாயர் புலான் என்பர். மடகாஸ்கர் மக்கள் வுலன என்பர். ஏறத்தாழ ஏழாயிரம் கிலோமீற்றர் அகன்ற சமுத்திரத்தை, கி. பி. முதலாயிரம் ஆண்டுக் காலத்திலே, பக்கமிதவை கட்டிய மரக்கலங்களிலே கடந்து வந்தோரின் வழியினர் அவர்கள். மேற்குக் கரையிலே மீன்பிடிக்கும் வேசோ மக்கள் இன்றும் அத்தகைய பக்கமிதவைத் தோணிகளையே செலுத்துகின்றனர். ஆபிரிக்காவிலிருந்து வந்தோரும் அவர்களோடு கலந்தனர். அராபியர் வந்து கிழமைகளின் பெயர்களைத் தந்து சென்றனர். ஆகவே மடகாஸ்கர் மனிதனின் முகத்திலே இந்து சமுத்திரத்தின் இரு கரைகளையும் ஒருங்கே காணலாம்.

ஆசியாவிலிருந்து வந்தோர் நெல்லையும் தம்மோடு கொணர்ந்தனர். மேட்டுநிலத்தின் பள்ளத்தாக்குகளிலும் சரிவுகளிலும் படிப்படியாக அமைந்த நெல்வயல்களைக் காணும் இலங்கையர், தம் மலைநாட்டின் ஒரு மூலையில் நிற்பதாகவே எண்ணுவர். உணவு கொள்ளுதல் என்பதை அவர்கள் மொழியிற் சோறு தின்னல் என்றே கூறுவர். சோறு வடித்த பானையின் அடியிற் பிடித்த கருக்கலிலே நீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, இளம்பழுப்பு நிறமான அந்நீரை உணவோடு பருகுவர். அந்திரியனம்பொய்நிமெரினா என்னும் அரசர் 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேட்டுநிலத்தை ஒருகுடைக்கீழ்க் கொணர முனைந்தபோது, தம் நெல்வயலுக்குக் கடலே எல்லை எனக் கூறியதாக மரபு. நாட்டின் எல்லையை நெல்வயலின் எல்லையாகக் கண்ட அரசனின் மனநிலையை விளங்கிக்கொள்ள நமக்கு எந்த உரையாசிரியரும் வேண்டியதில்லை.

அவ்வரசரின் தலைநகராயிருந்த அம்பொகிமங்கா என்னும் குன்று, 2001 ஆம் ஆண்டில் உலக மரபுரிமை இடமாயிற்று. அங்கே அரசர் உறைந்த மரவீடு, அலங்காரம் மிகுதியின்றிக் கரிய சுவரோடு நிற்கின்றது. அரண்மனையும் சமாதியும் ஒரே மதிலுக்குள் அமைந்த புனிதத் தலம் அது. அந்தனனாரிவோ என்பதற்கு ஆயிரவர் ஊர் என்று பொருள். குன்றின்மேற் குன்றாக எழும் அந்நகரின் உச்சியிலுள்ள அரசியர் மாளிகை 1995 ஆம் ஆண்டில் தீக்கிரையாயிற்று, பின்னர் புதுப்பிக்கப்பட்டது. 1896 இல் பிரான்சு அத்தீவைத் தன் குடியேற்ற நாடாக்கியதும், 1947 இல் மக்கள் கிளர்ந்தெழுந்து பெரும் உயிரிழப்புக்கு ஆளானதும், 1960 ஆம் ஆண்டு ஜூன் 26 ஆம் நாள் சுதந்திரம் பெற்றதும் பிரயாணி நினைவிற் கொள்ளவேண்டிய செய்திகள்.

அம்மக்களின் வாழ்விலே முன்னோருக்குரிய இடம் மிகப் பெரிது. மேட்டுநிலத்தவர், குளிரும் வறட்சியுமான ஆனி முதல் புரட்டாதி வரையான மாதங்களில், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குடும்பச் சமாதியைத் திறந்து, முன்னோரின் எச்சங்களை எடுத்துப் புதிய பட்டாடை சுற்றி, இசையோடும் ஆடலோடும் சுமந்து வலம்வந்து, மீண்டும் உள்ளே கிடத்துவர். பமதிகானா என்பது அச்சடங்கின் பெயர். அயலார்க்கு இது திகைப்பைத் தரலாம். ஆனால் அங்கே கூடியிருப்போர் இறந்தவரோடு பேசுகின்றனர். பிறந்த குழந்தைகளை அவருக்கு அறிமுகஞ் செய்கின்றனர். ஆண்டுத் திவசத்தன்று தாய்தந்தையரை நினைந்து இலைபோட்டுப் படைக்கும் நமக்கு, அதன் உட்கருத்து விளங்காமற் போகாது. அழைப்பின்றி அங்கே நுழைவதும், கேளாமற் படமெடுப்பதும் பண்பாகா.

முன்னோர் விதித்த விலக்குகளை பாடி என்பர். ஓரூரில் ஒரு மரத்தைச் சுட்டிக்காட்டலாகாது. மற்றோரூரில் ஓர் ஆற்றிலே இறங்கலாகாது. வேறோரூரில் குறித்த கிழமையில் வயலில் வேலை செய்யலாகாது. ஊருக்கூர் இவை வேறுபடும். ஆகவே அந்நாட்டிற் பிரயாணி முதலிற் கற்கவேண்டிய சொல் அசபாடி என்பது. தயவுசெய்து என்பதற்கும் மன்னிக்கவும் என்பதற்கும் அச்சொல்லையே வழங்குவர். விலக்கு ஆகாதிருக்கட்டும் என்பது அதன் நேர்ப்பொருள். உங்கள் மண்ணின் விலக்கை நான் அறியாமல் மீறாதிருப்பேனாக என்று கேட்டுக்கொண்டே ஓர் ஊருக்குள் நுழைவது எத்துணை நல்ல பழக்கம்!

பேச்சுக்கலையையும் அவர்கள் பெரிதும் போற்றுகின்றனர். திருமணத்திலும் மரணவீட்டிலும் ஊர்க்கூட்டத்திலும் பழமொழிகளை அடுக்கி, மறைபொருளாகவும் பணிவாகவும் உரையாற்றும் கபாரி என்னும் கலையை, 2021 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருவ மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. மூங்கிற்குழலைச் சுற்றித் தந்திகள் பூட்டிய வலிகா என்னும் யாழ்வகை, அவர்கள் தென்கிழக்காசியாவிலிருந்து கொணர்ந்த கலைச்செல்வத்துள் ஒன்று. இவற்றையெல்லாம் கேட்டு மகிழ வேண்டுமாயின் விரைந்து ஓடுதல் கூடாது. மோரா மோரா, அஃதாவது மெல்ல மெல்ல என்பதே அந்நாட்டார் வாயில் அடிக்கடி வரும் சொல்.

விரைய நினைப்போரையும் அந்நாட்டுப் பாதைகள் விடா. தலைநகரிலிருந்து தெற்கே தூலியார் வரை செல்லும் ஏழாம் இலக்க நெடுஞ்சாலையே பிரயாணிகள் பெரிதும் விரும்பும் வழி. மரவேலைக்குப் பேர்பெற்ற அம்பொசித்திரா, நெல்வயல் சூழ்ந்த பியனரந்துசோவா, மணற்கல் மலைகளையுடைய இசாலோ ஆகியவற்றை அவ்வழியாகவே காணலாம். சித்திரை பிற்பகுதியிலிருந்து ஐப்பசி வரையான உலர்காலமே பயணத்துக்கு ஏற்றது. தை முதல் பங்குனி வரை சூறாவளி வீசக்கூடும். மண்பாதைகள் பல அப்போது போக்குவரத்துக்கு உதவா. ஆடி, ஆவணி மாதங்களில் கிழக்குக் கரையிலுள்ள சென் மாரித் தீவை அடுத்த கடலிலே, கன்றீனும் பொருட்டுத் தென்கடலிலிருந்து வரும் திமிங்கிலங்களையும் காணலாம்.

நேயர்களே, இதுவரை கூறியவை அத்தீவின் கவர்ச்சிகள். இனிக் கூறப்போவது அக்கவர்ச்சிகளின் கதி. மனிதர் அங்கு வந்து சேர்ந்த காலத்தில் மூன்று மீற்றர் உயரமான யானைப்பறவை அங்கே உலாவியது. அதன் முட்டையொன்று நூற்றுக்கு மேற்பட்ட கோழிமுட்டைகளுக்கு ஈடாகும். கொரில்லாக் குரங்கின் பருமனுள்ள லெமூரும் இருந்தது. இன்று அவை இல்லை. தென்கரை மணலிலே அம்முட்டையோட்டுத் துண்டுகள் மட்டும் கிடக்கின்றன. அது பழங்கதை என்று விடுவதற்கும் இல்லை. 1953 ஆம் ஆண்டு முதல் 2014 ஆம் ஆண்டு வரையான காலத்தில் மட்டும் அத்தீவின் இயற்கைக் காட்டில் நூற்றுக்கு 44 பங்கு அழிந்தது என ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். காடிழந்த மலைகளின் செம்மண்ணை மழை அரித்துச் செல்ல, ஆறுகள் செந்நிறமாகி ஓடுகின்றன. செந்நிலத் தீவு என்று அதனை அழைக்கும் பெயரிலே அழகோடு அவலமும் கலந்திருக்கின்றது.

இதற்குக் காரணம் யார்? காட்டை வெட்டி எரித்து, சாம்பலுரத்தில் நெல் விதைத்து, மண் சலித்ததும் வேறிடம் செல்லும் பயிர்முறையை அங்கே தாவி என்பர். நம் நாட்டுச் சேனைப் பயிர்ச்செய்கையும் அத்தகையதே. பிரயாணி ஒருவர் புகையெழும் மலைச்சரிவைக் கண்டு, அந்தோ, அறிவிலிகள் என்று எளிதிற் பழித்துவிடலாம். ஆனால் நீர்ப்பாய்ச்சும் வயல் இல்லாத குடியானவனுக்கு அடுத்த ஆண்டுச் சோற்றுக்கு வேறு வழி யாது? நகரத்தாரின் அடுப்புக்கும் கரியன்றி வேறு எரிபொருள் எளிதிற் கிட்டுவதில்லை. கருங்காலியையும் செம்மரத்தையும் வெட்டிப் பிறநாட்டு மாளிகைகளுக்கு ஏற்றுமதி செய்தோர் அக்குடியானவர் அல்லர். பசியைக் குற்றமாகக் காணும் கண், காட்டையும் சரியாகக் காணாது.

காடு அழிவதால் இழப்பு அம்மக்களுக்கு மட்டும் உரியதன்று. முற்றத்துப் பட்டிப்பூவிலிருந்து 1958 ஆம் ஆண்டில் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் வின்பிளாஸ்ரின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். பின்னர் வின்கிறிஸ்ரின் என்பதும் அதே செடியிலிருந்து கிடைத்தது. குழந்தைகளைத் தாக்கும் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் உலகெங்கும் வழங்கப்படும் மருந்துகளுள் ஒன்று இரண்டாவது பொருள். ஒரு சிறு செடியினுள்ளே இத்துணை நன்மை மறைந்திருந்ததாயின், பெயரிடப்படாமலே எரிந்துபோன செடிகளினுள்ளே எவை மறைந்திருந்தனவோ!

எனினும் நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. கிழக்குச் சரிவிலே ரனோமபனா என்றோர் ஊர் உண்டு. வெந்நீர் என்பது அதன் பொருள். நம் கன்னியாவைப் போல அங்கும் வெந்நீரூற்று இருக்கின்றது. 1986 ஆம் ஆண்டில் பற்றீசியா றைற் என்னும் அமெரிக்க அறிஞரும் அவரோடு சென்றோரும், நஞ்சு கலந்த மூங்கிற் குருத்தை உண்டும் சாகாத பொன்னிற லெமூரொன்றை அங்குள்ள காட்டிற் கண்டறிந்தனர். 1991 ஆம் ஆண்டில் அக்காடு தேசியப் பூங்காவாயிற்று. இன்று அவ்வூர் இளைஞர் பலர் வழிகாட்டிகளாகத் தொழில் புரிகின்றனர். தந்தை மரம் வெட்டிய காட்டிலே மகன் மரத்தின் பெயர் கூறிப் பிழைக்கின்றான். அப்பூங்கா உட்பட ஆறு பூங்காக்கள் அடங்கிய கிழக்கு மழைக்காடுகள் 2007 ஆம் ஆண்டில் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டு, களவாக மரம் வெட்டியோரால் 2010 இல் ஆபத்துக்குள்ளானவற்றின் பட்டியலிற் சேர்க்கப்பட்டு, 2025 ஆம் ஆண்டில் அப்பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்டன.

இந்த இடத்திலேதான் உல்லாசப் பிரயாணியின் கடமை புலப்படுகின்றது. அவன் செலுத்தும் நுழைவுக் கட்டணமும், ஊர் வழிகாட்டிக்குக் கொடுக்கும் கூலியும், ஊரார் நடத்தும் விடுதியிலே கொள்ளும் உணவும், நின்ற மரத்துக்கு வெட்டிய மரத்தைவிட விலை அதிகம் என்பதை அவ்வூரார்க்கு உணர்த்துகின்றன. அதே பிரயாணி வெளிநாட்டு முதலாளியின் விடுதியிலே தங்கி, கண்ணாடிச் சாளரத்தினூடே லெமூரைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், அக்காட்டுக்கு அவனால் வந்த பயன் மிகச் சிறிது. அன்றியும், காட்டைக் காக்கும் பொருட்டு அதனுள் நுழையக்கூடாதென்று தடுக்கப்பட்ட முதியவர்கள் அவ்வூரிலே இருக்கின்றனர். விறகும் தேனும் மூலிகையும் எடுத்த இடம் அவர்களுக்கு அயலிடமாகிவிட்டது. அவர்கள் கொடுத்த விலையின்மீது நின்றே நாம் இந்திரியின் பாட்டைக் கேட்கின்றோம் என்னும் நினைவு நமக்கு இருத்தல் வேண்டும்.

கடல் கொண்ட கண்டம் ஒன்றை எண்ணித் தமிழராகிய நாம் பல்லாண்டு ஏங்கியிருக்கின்றோம். பாடியும் எழுதியும் இருக்கின்றோம். அதற்கு நாம் எடுத்துக்கொண்ட பெயரைத் தந்த சிற்றுயிர்களோ, கடல் கொள்ளாத தீவொன்றிலே, நாளுக்கு நாள் குறுகிவரும் காட்டின் கிளைகளில் இன்னும் தாவிக்கொண்டிருக்கின்றன. கடலின் செயலைத் தடுக்க நம்மால் ஆகாது. கோடரியின் செயலையும் பசியின் செயலையும் தடுக்க மனிதரால் ஆகும். மாணவர்களுக்குப் புவியியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் லெமூரியாவைப் பற்றிக் கூறும்போது, லெமூர்களைப் பற்றியும் அவற்றின் அயலிலே நெல் விதைக்கும் மக்களைப் பற்றியும் நாலு வார்த்தை சேர்த்துக் கூறுவார்களாயின் நன்று. அவர்களுள் ஒருவர் என்றேனும் அத்தீவிலே கால்வைக்கும்போது, படக்கருவியை எடுப்பதற்கு முன்னரே அசபாடி என்னும் சொல் அவர் வாயில் வரும்.